கொப்பு எடுக்குமட்டும்

அந்தக் கதிரையில இராதேங்கோ பிள்ளை, அதுக்கு ஒரு கால் ஆட்டம். போன மாதம் எங்கட ஊர் விதானையார் இருந்து விழுந்தவர். இதில இருங்கோ. சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், இது என்ன கோயிலோ? வவுனியாவில இருந்தோ வாறியள்? இந்த வெயிலுக்குள்ள, உந்தப் பைலையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு! தேத்தண்ணி வரும். தேத்தண்ணி போடுறதுக்கு ஆள் உள்ளுக்க நிக்குது.

உங்களை ஆர் கூப்பிட்டதெண்டு நான் கேக்கமாட்டன். எனக்குத் தெரியும். என்ர மனிசி, பரிபூரணம். பேரில ஒரு குறையும் இல்லை. குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு காது குடுத்துக்கொண்டிருக்கிறா, பாருங்கோ, சீலைத் தலைப்புத் தெரியுது. நாலு மாதமா நான் அவவோட கதைக்கிறேல்லை. இப்பவும் அவவுக்குச் சொல்லேல்லை, உங்களுக்குத்தான் சொல்லுறன். அவ கேட்டால் கேக்கட்டும்.

உந்தக் கடதாசியில நான் கையெழுத்து வைக்கமாட்டன். அதை முதலே சொல்லிப்போடுறன். பேந்து, இவ்வளவு தூரம் வந்து மினக்கெட்டது வீணாப் போச்சு எண்டு கோவிக்கக் கூடாது. என்ர பிள்ளை செத்துப்போனாள் எண்டு நானே என்ர கையால எழுதித் தாறதோ? அவள் சாகேல்லை. காணாமலும் போகேல்லை. காணாமல் போறதெண்டால் எங்க இருக்கிறாள் எண்டு தெரியாமல் இருக்கோணும். எங்க இருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியும். இருத்தினவன் நான்.

சரி, பேனையை எடுத்திட்டியள், எழுதுங்கோ. அதை நான் மறிக்கேல்லை. பேர் சுகிர்தா. தகப்பன் பேர் தாமோதரம். வயசோ? இருத்தேக்க பதினாறு, மிச்சத்தை நீங்களே கூட்டிப் பாருங்கோ. அங்க அடையாளமோ? இடது முழங்கைக்குக் கீழ முசுறு கடிச்ச தழும்பு. ஓம், எறும்புதான். மரத்தில கூடு கட்டுமே, அந்தச் சிவத்த எறும்பு. எறும்பு கடிச்சுத் தழும்பு வருமோ எண்டு பாக்கிறியள். ஒண்டு கடிச்சா வராது பிள்ளை. ஒரு கூடு முழுக்கக் கடிச்சும் கையை அசைக்காட்டி வரும்.

அது பெரிய கதை. பஸ் எத்தினை மணிக்கு? அப்ப நேரம் கிடக்கு.

நாங்கள் மான்வேட்டைக் குடும்பம். ஐயோ, அதை எழுதிப்போடாதேங்கோ, இப்ப துவக்கும் இல்லை, எனக்குக் கண்ணும் மங்கல். அது ஒரு காலம். என்ர அப்பு என்னைப் பழக்கினவர், அவரை அவற்ற அப்பு. பெடியன் பெட்டை எண்டு நாங்கள் பாக்கிறேல்லை. ஒம்பது வயசு முடிஞ்சால் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவம். மற்றச் சனம் பிள்ளையை ஏடு தொடக்குறதுக்குக் கோயிலுக்குக் கொண்டுபோற மாதிரி, எங்களுக்கு இது. அண்டைக்குத் தாய்மார் புதுச்சட்டை போட்டு விடுவினம். நான் வேண்டாமெண்டு கழட்டி எறிஞ்சுபோட்டுப் பழைய சட்டையில சாம்பலைப் பூசிக் கூட்டிக்கொண்டு போவன். சவுக்கார மணம் மானுக்கு அரைக்கட்டைத் தூரத்துக்கு அங்கால தெரியும்.

துவக்குப் பிடிக்கிறது கடைசிப் பாடம். முதல் மூண்டு வருசமும் ஒரே படிப்பு, இருக்கிறது. சும்மா இருக்கிறது. நீங்கள் சிரிக்கிறியள், ஒரு அரை மணித்தியாலம் இருந்து பாருங்கோ. நுளம்பு கடிக்கும், மூக்கு அரிக்கும், இருமல் வரும், ஒண்டுக்கு வரும். ஒண்டும் செய்யக் கூடாது. காட்டில அசையிறதுதான் சாகும், அசையாதது தப்பும். இதை நான் என்ர பிள்ளையளுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன்! சாப்பாட்டில சொல்லுவன், குளிப்பாட்டேக்க சொல்லுவன்.

இன்னுமொண்டு. மான்வேட்டையில கூப்பிடேலாது. விசில் அடிக்கேலாது, கை தட்டேலாது, எல்லாம் ஓடிப்போடும். அதால எங்கட குடும்பத்தில ஒரு முறை இருக்கு. இஞ்ச இருந்து ஒரு மணித்தியால நடையில காட்டுக்குள்ள ஒரு சின்னக் குளம், மரைமோட்டை எண்டு பேர். கோடைக்கு மற்றதெல்லாம் வத்தினாலும் அது வத்தாது, மான் தண்ணிக்கு அங்கதான் வரும். இந்தக் கரையில ஒரு வீரை மரம், அதின்ர வேருக்குள்ள பிள்ளையை இருத்துவன். அந்தக் கரையில ஒரு பாலை. நான் போய்ப் பச்சைக் கொப்பு ஒண்டை முறிச்சு, "ஐயனாரே, என்ர பிள்ளை உன்ர காவல்" எண்டு சொல்லி, பாலையின்ர கிளையில கொழுவிவிடுவன். ஒரு பிள்ளைக்கு ஒரு கொப்பு. கொப்பு கிடக்குமட்டும் ஐயனார் பாத்துக்கொள்ளுவார், பிள்ளை எழும்பக் கூடாது. நான் வந்து கொப்பை எடுத்தால் வேட்டை முடிஞ்சுது, எழும்பி வரலாம்.

கொழுவின கைதான் எடுக்கோணும். அதுதான் முறை. வேற ஆர் வந்து கூப்பிட்டாலும் வரக் கூடாது, தாய் வந்து கூப்பிட்டாலும் வரக் கூடாது. இது விசர்க் கதை இல்லை பிள்ளை. என்ர சித்தப்பாவின்ர மகன் ஆரோ கூப்பிட்டது எண்டு எழும்பினவன், பத்தைக்குள்ள அசையிறது மான் எண்டு மற்றக் கரையில நிண்ட ஆள் வெடி வைச்சுப்போட்டார். அதுக்குப் பிறகு அப்பு இந்த முறையை இறுக்கிப் பிடிச்சவர். நானும் இறுக்கிப் பிடிச்சனான்.

எனக்குப் பிள்ளையள் ரெண்டு. மூத்தவன் திசாந்தன். அவனை ஏன் கேக்கிறியள், அவன் காட்டுக்குச் சரிவரேல்லை. கொட்டாவி விடுவான், சொறிவான். கொப்பு கிடக்கேக்கயே எழும்பி வந்து, "அப்பா, பசிக்குது" எண்டு நிப்பான். எத்தினை அடி அடிச்சிருப்பன். ஒரு பாடமும் ஏறேல்லை. இப்ப சுவிசில இருக்கிறான். ரெண்டு பிள்ளையள். இந்த ஓடு, இந்தக் கிணத்து மோட்டர், எல்லாம் அவன் செய்து தந்ததுதான். சனிக்கிழமையில போன் எடுப்பான், தாயோட கதைப்பான். நான் கதைக்கிறேல்லை. என்னத்தைக் கதைக்கிறது?

சுகிர்தா அப்பிடி இல்லை. சுகி இருந்தாளெண்டால் குருவி வந்து தலையில இருக்கும். பதினொரு வயசில ஒரு நாள், வீரைக்கு மேல முசுறுக் கூடு இருந்ததை நான் கவனிக்கேல்லை. கூடு உடைஞ்சு அவளின்ர கையில விழுந்திட்டுது. அந்த நேரம் பாத்து ஒரு கலைமான் தண்ணிக்கு இறங்குது. நான் அங்கால கரையில துவக்கோட படுத்திருக்கிறன், எனக்கு ஒண்டும் தெரியாது. மான் குனிஞ்சு, நிமிந்து, காதை ஆட்டி, பேந்து குனியுது. கால் மணித்தியாலத்துக்கு மேல. நான் சுட்டன், விழுந்துது. நான் மானை அறுத்துக்கொண்டு நிக்கிறன், கொப்பை எடுக்க மறந்துபோனன். பேந்துதான் ஞாபகம் வந்து ஓடிப்போய் எடுத்தால், வீரைக்குள்ள இருந்து எழும்பி வாறாள், இந்தக் கை முழங்கை வரைக்கும் பந்து மாதிரி வீங்கிக் கிடக்கு. கண்ணில தண்ணி ஓடுது, சத்தம் இல்லை. "ஏனடி மோளே, மான்தான் விழுந்திட்டுதே, எழும்பி வந்திருக்கலாமே" எண்டன். "நீங்கள் கொப்பை எடுக்கேல்லையே அப்பா" எண்டாள்.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. உள்ளதைச் சொல்லுறன், இந்த உலகத்தில எனக்கு அதை விடப் பெரிய சந்தோசம் பிறகு வரேல்லை. ஊர் முழுக்கச் சொன்னனான். அண்டைக்கு ஈரலை முழுக்க அவளுக்குத்தான் குடுத்தது. தாய் கைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு என்னை ஏசினா. "உங்கட வேட்டையும் மண்ணாங்கட்டியும், பிள்ளையை மரக்கட்டை ஆக்கிப்போட்டியள்" எண்டு ஏசினா. பொம்பிளையளுக்கு உது விளங்காது எண்டு நான் விட்டிட்டன்.

பதின்மூண்டில அவளே சுட்டவள். ஒரே வெடி. அதுக்குப் பிறகு அழேல்லை, துள்ளேல்லை, மானுக்குப் பக்கத்தில குந்தி இருந்து ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இதுக்கும் ஆரும் அசையாதை எண்டு சொல்லிக் குடுத்திருந்தால் தப்பியிருக்கும், என்ன?" எண்டு. "ஓம் மோளே, தப்பியிருக்கும்" எண்டு சொன்னனான்.

பிறகு அந்தக் காலம் வந்துது. உங்களுக்கு அப்ப என்ன, ஒரு பத்து வயசு இருக்குமோ? வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்த காலம். ஆர் எவர் எண்டு நான் சொல்ல வரேல்லை, அது எல்லாருக்கும் தெரியும். வந்தவை திசாந்தனைக் கேட்டினம், இல்லாட்டிச் சுகியைத் தாங்கோ எண்டினம். சனம் பிள்ளையளைப் பங்கருக்குள்ள ஒளிச்சுது, நெல்லுப் பெட்டிக்குள்ள ஒளிச்சுது, பதினைஞ்சு வயசில கலியாணம் கட்டி வைச்சுது. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் பழக்கி வைச்சிருக்கிறன்தானே! ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மரைமோட்டைக்குப் போனனான். அரிசிமா, தண்ணிக் கான், தேன் போத்தலுக்குள்ள ஊறப்போட்ட மான் வத்தல். பாலையில ரெண்டு கொப்புக் கொழுவினன். "நான் வந்து எடுக்குமட்டும் எழும்பக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்காச் சாப்பாடு கொண்டு வருவன். ஆர் கூப்பிட்டாலும் வரக் கூடாது" எண்டு சொன்னன். சுகி தலையை ஆட்டினாள். "பகலில எழும்பிக் கால் நீட்டலாமோ?" எண்டு கேட்டாள், அவ்வளவுதான். சரி, ஒருக்கா எண்டன்.

ரெண்டாம் நாள் பின்னேரம் திசாந்தன் முத்தத்தில வந்து நிக்கிறான்! "ஏலாது அப்பா, பைத்தியம் பிடிக்குது" எண்டு. நான் பூவரசந்தடி முறிச்சு அடிச்ச அடி இண்டைக்கும் அவன்ர முதுகில கிடக்கும். "தங்கச்சி இருக்கிறாள், நீ ஆம்பிளை, வெக்கமில்லையோ" எண்டு அடிச்சனான். திரும்பக் கொண்டுபோய் விடுறதுக்குள்ள இருட்டிப்போச்சு, விடியட்டும் எண்டு இருந்திட்டன்.

விடிஞ்சால் செல் அடி. நாங்கள் தூரத்திலதான் கேட்டுக்கொண்டு இருந்தம், அண்டைக்கு இஞ்சையே விழுந்துது, அந்தப் புளி நிக்குதே, அதுக்கு அங்கால. பரிபூரணத்தின்ர தொடையில செல் துண்டு பாஞ்சுபோச்சு. ரத்தம் எண்டால் பிள்ளை, சாறத்தைக் கிழிச்சுக் கட்டியும் நிக்கேல்லை. ஊர் முழுக்க வெளிக்கிட்டு றோட்டில. நான் அவவைத் தோளில தூக்கினன். ஆசுப்பத்திரி இருந்த பக்கம் ஓடினன். பின்னேரத்துக்குள்ள திரும்பி வந்து சுகியைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டுதான் நினைச்சனான். ஐயனாராணையாச் சொல்லுறன், பின்னேரத்துக்குள்ள வந்திடலாம் எண்டுதான். பின்னேரம் றோட்டு இல்லை. அடுத்த நாள் ஊரே இல்லை. பேந்து சனம் தள்ளத் தள்ளக் கடற்கரை, பேந்து முகாம், முள்ளுக்கம்பி. மூண்டு வருசமும் நாலு மாதமும்.

என்ன? என்ன சொல்லுறா அங்க? பாத்தியளே, தேத்தண்ணியை வைச்சிட்டுப் போன கையோட குறுக்க விழுறா. உங்களுக்கும் கேட்டதுதானே. "அதையும் சொல்லுங்கோ, திசாந்தன் கேட்டதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ."

சொல்லுறன். சொல்ல எனக்கென்ன பயம்?

நான் அவவைத் தூக்கேக்க திசாந்தன் சொன்னவன், "அப்பா, நீங்கள் அம்மாவைக் கொண்டு போங்கோ, நான் ஓடிப்போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு. ஓம், சொன்னவன். அப்ப காட்டுப் பக்கம் இன்னும் செல் விழத் தொடங்கேல்லை. ஒரு மணித்தியால நடை, அவன் ஓடினால் அரை மணித்தியாலம். நான் வேண்டாமெண்டனான். ஏனெண்டால், பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ, கொழுவினது நான். அவன் போய்க் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். அவன் கொப்பை எடுத்தாலும் வரமாட்டாள். அவன் முறை மீறி எழும்பி ஓடினவன், அவன்ர சொல்லை அவள் கேப்பாளோ? "உனக்கு உரிமை இல்லை, நீ தாயின்ர காலைப் பிடி, நான் வந்து எடுப்பன்" எண்டு சொன்னனான். அவன் ரெண்டு தரம் கேட்டான். நான் ரெண்டு தரமும் வேண்டாமெண்டனான். வரமாட்டாள் பிள்ளை. என்ர பிள்ளையை எனக்குத் தெரியும். நான் பழக்கினனான்.

திரும்ப ஊருக்கு விட்டு, கண்ணிவெடி எடுத்து முடிச்சு, காட்டுக்குப் போகலாம் எண்டு சொன்ன அண்டைக்கே போனனான். வீரையின்ர வேருக்குள்ள தண்ணிக் கான் இருந்துது, மூடி இறுக்கிப் பூட்டினபடி. தேன் போத்தல் இருந்துது. உள்ளுக்க பாதி வத்தல் அப்பிடியே கிடக்குது. பாதிதான் தின்னோணும், பாதியை அவசரத்துக்கு வைக்கோணும், அது நான் சொல்லிக் குடுத்தது. சட்டை இல்லை, எலும்பு இல்லை, ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை எண்டால் இருக்கிறாள் எண்டுதானே கருத்து? பாலையில கொப்பு மட்டும் இல்லை.

அது மூண்டு வருசம், காத்து மழை, விழுந்திருக்கும். விழுந்ததுதான். எப்ப விழுந்துது எண்டுதான் எனக்குத் தெரியோணும். சில நேரம் யோசிப்பன். நாலாம் நாளே காத்துக்கு விழுந்திருந்தால்? அவள் பாத்துக்கொண்டு இருந்திருப்பாள்தானே. அப்பா எடுத்திட்டார் எண்டு எழும்பி வந்திருப்பாள். வந்து பாத்தால் பாலைக்குக் கீழ நான் இல்லை. அதுக்கு மேல நான் யோசிக்கிறேல்லை.

அண்டைக்கே புதுக் கொப்பு முறிச்சுக் கொழுவினனான். அண்டையில இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் போறன். மழையெண்டாலும் போறன், காய்ச்சலெண்டாலும் போறன். வாடவிடுறேல்லை. எங்க தள்ளி இருந்து பாத்தாலும் அவளுக்குப் பச்சையாத் தெரியோணும். அப்பா மறக்கேல்லை எண்டு தெரியோணும்.

இப்ப இவ செய்த வேலையைக் கேளுங்கோ. மாசி மாதம் நான் கண் ஆசுப்பத்திரிக்குப் போன நாள். அந்தப் பழுதாப்போன காலையும் இழுத்துக்கொண்டு, ஒரு மணித்தியால நடையை எத்தினை மணித்தியாலம் நடந்தாவோ, தன்பாட்டுக்கு மரைமோட்டைக்குப் போயிருக்கிறா. போய், என்ர கொப்பைக் கழட்டி நிலத்தில போட்டிருக்கிறா! போட்டிட்டு, மோட்டைக் கரையில இருந்து "சுகி, சுகி" எண்டு கூப்பிட்டிருக்கிறா. பொழுது படுமட்டும். நான் வந்து பாக்கிறன், குசினியில இருக்கிறா, தொண்டை அடைச்சு ஒரு சொல்லும் வெளியில வரேல்லை. கையால காட்டுறா, வரேல்லை, வரேல்லை எண்டு. அடுத்த கிழமை விதானையாரிட்டப் போய் உங்கட ஒபிசுக்கு எழுதிப்போட்டா.

எனக்குப் பத்தி எரியுமோ எரியாதோ? கொழுவின கை எடுக்கோணும் எண்டு எத்தினை தரம் சொன்னது! தாய் கூப்பிட்டாலும் வரக் கூடாது எண்டுதானே பழக்கினது! அவள் ஏன் வரேல்லை? நல்ல பிள்ளை, அதால வரேல்லை. இதைப் பிடிச்சுக்கொண்டு செத்துப்போனாள் எண்டு கடதாசி எழுதுறதோ? அண்டையில இருந்து நான் அவவோட கதைக்கிறேல்லை. நீங்களே சொல்லுங்கோ, நியாயம்தானே?

ஏன் பேனையை வைச்சிட்டியள்? கேக்கிறதைக் கேளுங்கோ பிள்ளை, கோவிக்கமாட்டன்.

ம்.

அப்ப ஏன் நான் எடுத்துப் பாக்கேல்லை எண்டோ?

கை எட்டுற உயரம்தான். கொழுவேக்க நான் அப்பிடித்தான் கொழுவிறது. ஒவ்வொரு தரமும் பாலைக்குக் கீழ நிண்டு கையைத் தூக்குவன். "ஐயனாரே, இண்டைக்கு எடுக்கிறன்" எண்டு வாயாலயும் சொல்லுவன். அங்கால வீரையைப் பாப்பன். பேந்து புதுசைக் கொழுவிப்போட்டுத்தான் வாடினதைக் கழட்டுவன். ஒரு சொட்டு நேரமும் பாலையை வெறுமையா விடுறேல்லை.

பரிபூரணம் எடுத்தவ, சுகி வரேல்லை. அது கொழுவின கை இல்லை எண்டு நான் சொல்லலாம். சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருக்கலாம். நான் எடுத்து அவள் வராட்டி, பிள்ளை? பேந்து நான் என்னத்தைச் சொல்லுறது?

தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறிப்போச்சு. உந்தக் கடதாசியை அவவிட்டக் குடுங்கோ, தாய்தானே, கையெழுத்து வைக்கிறதெண்டால் வைக்கட்டும். நான் பாத்ததா அதில எழுத வேண்டாம். எனக்கு ஒருக்கா வெளிக்கிடோணும். முந்தநாள் கொழுவினது, இந்த வெயிலுக்கு வாடியிருக்கும்.